காதை மூடிய வெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் டாக்டரிடம் போய்ச் சொல்லும்படி ஒன்றும் இல்லாமல் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் அம்மா என்னைத் தூங்கவிட மாட்டாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் நடந்த கூத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன், நீ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாய், எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் பார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. கடைசியில் நீ ஒரு தாளில் 'வாயைக் காட்டுங்க' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்தாய். நான் ஆவென்று திறந்து கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டினேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பல் டாக்டர்கிட்டயா பேசிட்டிருக்கீங்க, அவளுக்கு உங்க நெத்தியும் ஃபேனும்தான் தெரியுது என்று சொல்லி என் கையோடு சேர்த்துப் போனைக் கீழே இறக்கினாள். காட்டின பல்லும் வீண். முப்பது வருஷமாக அடுத்தவன் முகத்தைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்திச் சோறு தின்கிறவன் நான், என் மூஞ்சியை ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் வைக்கத் தெரியவில்லை.

அதனால்தான் கடிதம். இதில் நெற்றி தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை இரண்டு பாரா தள்ளிச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் துணிச்சல் சேர வேண்டும். அம்மாவைத் தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற மெஷினிலிருந்து மாற்றி, தைத்து வந்ததைச் சரிபார்க்கிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை, முழங்காலுக்கு நல்லது, ஆனால் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது, என் சட்டையை நான் போட்டுக்கொண்டு நிற்கும்போதே காலரைப் பிடித்துத் தையலை இழுத்துப் பார்க்கிறாள். கடையில் இரண்டாவது நாற்காலி மறுபடியும் மக்கர். காலால் மிதித்து ஏற்றிவிட்டால் தானாக இறங்குகிறது, ஷேவிங்குக்கு உட்காருகிறவர் ஆரம்பிக்கும்போது என் நெஞ்சளவு இருக்கிறார், முடிக்கும்போது இடுப்பளவு வந்துவிடுகிறார். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் போன வாரம் அதில் இறங்கிக்கொண்டே, இந்த வயசுல எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன மாதம் வாய்மொழித் தேர்வைப் பற்றி எழுதியிருந்ததை மடிப்பு கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டேன். மூன்று பேர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வெளிச்சம் பின்னால் இருந்ததால் மூன்று பேரும் கறுப்பு உருவமாகத்தான் தெரிந்தார்கள், நடுவில் இருந்தவருக்குத் தாடி, ஓரத்தில் இருந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், நீ அவர் கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னாய் என்று எழுதியிருந்தாய். 'அழகாக' என்று நீ போட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த வரியில் 'அடிப்படையே புரியவில்லை' என்று அவர்கள் குறிப்பு எழுதினதைப் படித்ததும் அது நின்றுவிட்டது. திரும்பவும் இருபத்து நான்காம் தேதி அதே தேர்வு, இந்தத் தடவையும் போனால் வருஷமே போய்விடும். அங்கே உன் கல்லூரியில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான அலுவலகத்தில் இருக்கிற அதிகாரியம்மா, கேள்வியை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம், ஒருத்தர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேச ஏற்பாடு செய்யலாம், வகுப்பிலும் ஒருவர் உட்கார்ந்து பாடத்தைத் தட்டச்சு செய்ய நீ திரையில் படித்துக்கொள்ளலாம், இதெல்லாம் உனக்கு உரியதுதான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்பதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அசல் தாள் பதினெட்டாம் தேதிக்குள் வேண்டும் என்றாராம். நீ என்னிடம் கேட்டாய். நான், பள்ளிக்கூடம் கட்டடம் மாறினப்ப பழைய தாளெல்லாம் தொலைஞ்சு போச்சாம், பாப்பா என்று பதில் அனுப்பினேன்.

பாப்பா, ஒன்றும் தொலையவில்லை. அது நான் சொன்ன பொய். பள்ளிக்கூடத்தில் உன் தாள்கள் என் கடைச் சீப்புகளைவிட ஒழுங்காக அடுக்கி இருக்கின்றன. தொலைந்து போயிருந்தால் நன்றாயிருக்குமே என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு படிவம் கொடுப்பார்கள் அல்லவா, ரத்த வகை, போட்ட ஊசி எல்லாம் கேட்டு, கீழே ஒரு கட்டம் இருக்கும், 'பார்வை, கேட்கும் திறன், நடை முதலியவற்றில் குறை ஏதேனும் உண்டா' என்று. அதில் நான் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு தடவை இல்லை, பன்னிரண்டு தடவை. உன்னிடம் மட்டும், ஆபீஸ்ல சொல்லி வெச்சாச்சு, பசங்க கேலி பண்ணக் கூடாதுன்னு டீச்சருங்ககிட்ட சொல்லாம வெச்சிருக்காங்க என்று கதை விட்டேன். நீ நம்பினாய். அப்பா சொன்னால் நம்புகிற வயசு அது.

போன செவ்வாய் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போனேன். பழைய கிளார்க்தான் இன்னமும் இருக்கிறார், அந்தத் தலையில் இருபது வருஷமாக என் கத்தரிதான் ஓடுகிறது, அந்த உரிமையில் இளித்துக்கொண்டே போய் நின்றேன். அவர் பன்னிரண்டு படிவத்தையும் எடுத்து மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது. முதல் வகுப்புப் படிவத்தில் 'இல்லை' ரொம்பச் சின்னதாக, ஓரமாக, திருடன் மாதிரி நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் அதற்கு அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறேன், எதற்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கிளார்க் கண்ணாடியை இறக்கி, பன்னெண்டு வருஷம் இல்லைன்னு எழுதிக் குடுத்தது நீங்க, இப்ப நான் உண்டுன்னு எழுதினா பொய் சொன்னது நீங்களா நானான்னு கேப்பாங்களே என்றார். நான்தான் சார் என்றேன். அப்ப அதை நீங்களே எழுதுங்க என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். ஏன்யா இப்படிப் பண்ணினீங்க என்றும் கேட்டார். பயம் சார் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை உனக்குச் சொல்ல வேண்டும்.

உனக்கு ஆறு வயசு முடிகிற நேரம். சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் நீ திரும்ப மாட்டாய், எதிரே வந்து நின்றால் மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாய். காது டாக்டரம்மா உன்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்து, ஒரு கட்டத்தாளில் கோடு போட்டுக் கொடுத்தார், மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகிற கோடு. இரண்டு காதுக்கும் மெஷின் எழுதினார். பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்க, முன்னால உட்கார வைக்கட்டும், இவ முகத்தைப் பார்த்துப் பேசட்டும், அவ்வளவுதான், பொண்ணு கெட்டிக்காரி என்றார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே நான் அம்மாவிடம், பள்ளிக்கூடத்துல மூச்சு விடக்கூடாது என்றேன். சொன்னா என்ன, பிள்ளைக்குக் கொம்பா முளைச்சிடும் என்று அவள் ஒரு வாரம் சண்டை போட்டாள். இருபத்து மூன்று வருஷக் குடும்பத்தில் அவளிடம் நான் ஜெயித்த சண்டை அது ஒன்றுதான். ஜெயிக்கிறதுக்கு வேறு சண்டையே கிடைக்கவில்லை எனக்கு.

ஏன் என்றால், நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் காது மந்தமான பையன் ஒருத்தன் இருந்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பெஞ்சில் மேளம் தட்டுவோம், திரும்புகிறானா பார்க்க. திரும்பாவிட்டால் வகுப்பே சிரிக்கும். எல்லாரும் அவனை 'டமாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார்கூட. அடுத்த வருஷம் அவன் வரவில்லை. அந்தப் பெயரை வைத்தது நான். டாக்டரம்மா பேசப் பேச எனக்குக் காதில் விழுந்தது அந்தப் பெஞ்சுச் சத்தம்தான். ஊரில் இருக்கிற பசங்கள் எல்லாரும் என்னை மாதிரியே இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன், அவ்வளவு பெரிய ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

அதற்குப் பிறகு என் கைத்தொழிலை வைத்து நான் செய்த காரியம்தான் உனக்கு நன்றாகத் தெரிந்தது, எதற்கு என்று தெரிந்திருக்காது. முடி காது மடலுக்குக் கீழே ஒரு விரல்கடை, முன்பக்கம் சரிவு, காற்றடித்தாலும் விலகி மெஷின் தெரியாத மாதிரி உள்ளுக்குள் இரண்டு அடுக்கு. 'ராணி வெட்டு' என்று உன்னிடம் பெயர் சொன்னேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு வருஷம், ஒரு தடவைகூடத் தவறினது இல்லை. உன்னோடு படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் கடை வாசலில் வந்து நின்று அதே மாதிரி வேணும் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாழ்நாளில் வெட்டினதிலேயே நல்ல வெட்டு அதுதான், அதில் வெட்கப்படுகிற மாதிரி ஆகிவிட்டது பார். ஓட்டப்பந்தயத்துக்கு முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளட்டுமா என்று பத்து வயசில் கேட்டாய். உன் முகத்துக்கு எடுக்காது என்றேன். உன் முகத்துக்கு எதுவும் எடுக்கும்.

நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய், அந்த அலுவலகப் படிவத்தில் 'இதுவரை உங்களுக்கு உதவியாக இருந்த ஏற்பாடுகள்' என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன், வீட்ல ஸ்பெஷலா ஒண்ணும் இல்லையேப்பா என்று. நான் அதை வாசித்ததும் அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பனும் பொண்ணும் கட்டத்தைக் கண்டா ஒரே மாதிரிதான் எழுதுவீங்களா என்று கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீளமேஜையை விற்றுவிட்டு வட்டமேஜை வாங்கினது எதற்கு, எல்லார் வாயும் உனக்குத் தெரிவதற்கு. வாசல் மணியோடு சமையலறைக்கு மேலே மஞ்சள் பல்பு எரிய வைத்தது எதற்கு. மின்சாரம் போனால் நாங்கள் டார்ச்சை முகவாய்க்கட்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசுவோமே, பேய் மாதிரி இருக்கீங்க என்று நீ சிரிப்பாயே, அது எதற்கு. சனிக்கிழமை கடையில் பின்பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில், கண்ணாடியில் தெரிகிற அத்தனை பேர் உதட்டையும் படித்துவிட்டு, ஜெராக்ஸ்காரர் தன் மாமனாரை என்ன சொல்லித் திட்டினார் என்று சாப்பிடும்போது அச்சு அசலாகச் சொல்வாய். அதனால் ரேடியோவை நான் சனிக்கிழமைகளில் போடுவதில்லை. இதற்கெல்லாம் நாங்கள் பெயர் வைக்கவில்லை, அதனால் உனக்குக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் இந்த உறையில் வைத்திருக்கிற மூன்றாவது தாளில் எழுதியிருக்கிறேன், திட்டினதை மட்டும் விட்டுவிட்டேன்.

மீசையை நான் எழுத மறந்துவிட்டேன், அம்மாதான் சேர்க்கச் சொன்னாள். உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. டாக்டரம்மா மெஷின் எழுதின அந்த வருஷம்தான், ஒரு நாள் மடியில் உட்கார்ந்து நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய், பிறகு ஒரு விரலால் என் மீசையை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இப்ப சொல்லுங்க என்றாய். மறுநாள் கடை திறந்ததும் முதல் ஷேவிங் எனக்குத்தான். கத்தி வழுக்கிடுச்சு என்று வருகிறவர்களிடம் சொன்னேன், கத்தி வழுக்குகிற கடைக்கு எவன் வருவான் என்று அப்புறம்தான் உறைத்தது, பிறகு புது ஸ்டைல் என்று மாற்றிச் சொன்னேன். சொந்த மீசையையே காப்பாத்தத் தெரியாத ஆளுகிட்ட எங்க மீசையை எப்படி ஒப்படைக்கிறது என்று வாரக்கணக்கில் ஓட்டினார்கள். அம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கீங்க என்றாள். உனக்குத் தெரிய வேண்டும் என்று மீசையை எடுத்ததும் இந்தக் கைதான், ஊருக்குத் தெரியக்கூடாது என்று உன் காதை மூடினதும் இந்தக் கைதான். ஒரே வருஷத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை, கிளார்க் மேஜையில் உட்கார்ந்து எழுதும்போதுதான் பேனா நின்றுவிட்டது.

நாலு தாள் கிழித்து ஐந்தாவது தாளில் எழுதி முடித்தேன். 'இந்தப் பன்னிரண்டு படிவங்களிலும் இல்லை என்று எழுதியது உண்மையல்ல, என் மகளுக்கு ஆறு வயதிலிருந்தே இரண்டு காதிலும் கேட்பது குறைவு, மறைத்தது நான், அவள் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, கட்டணம் கட்டற ஜன்னல்ல வந்து நின்னுட்டு மறுபடி சொல்லுங்க சார், மறுபடி சொல்லுங்க சார்னு கேக்கும் உங்க பொண்ணு, திமிர்னு நெனைச்சு ஒரு நாள் நல்லா சத்தம் போட்டுட்டேன் என்றார். நீ அதை வீட்டில் சொல்லவே இல்லையே, பாப்பா. அவர் தானாகவே எழுந்துபோய்ப் பழைய மதிப்பெண் பதிவேடுகளை இறக்கினார். எழுத்துத் தேர்வில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். சொல்வதெழுதுதல் மட்டும் வருஷா வருஷம் பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று. விரலை வைத்து வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். பாருங்க, நீங்க இல்லைன்னு எழுதினாலும் இது உண்டுன்னு சொல்லிட்டே இருந்திருக்கு, நாங்க ஒருத்தரும் படிக்கல என்றார். அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பள்ளிக்கூடக் கடிதம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆக உறைக்குள் நாலு தாள் தனித்தனியாக இருக்கின்றன, பள்ளிக்கூடக் கடிதம் நகல்களோடு, நான் எழுதினது, வீட்டு ஏற்பாடுகள், டாக்டரம்மா போட்ட அந்தக் கோட்டுத்தாள். அது கடையில் கண்ணாடிக்குக் கீழே பிளேடு வைக்கிற டிராயரில் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. தூக்கியெறியத் தைரியம் வரவில்லை, வெளியே எடுக்கவும் வரவில்லை. கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கு. கேட்கும்போது, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று ஆரம்பிக்காதே, அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. தேர்வு நாளில் அறைக்கு முன்னாலேயே போய் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார், அவர்களுடைய நாற்காலிகளை எதிர்ப்பக்கம் மாற்றிப் போடச் சொல்லும்படி அந்த அதிகாரியம்மாவிடம் இப்போதே எழுதிக் கேள். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவனுக்கு நான் ஷேவிங்கே பண்ண மாட்டேன், நாற்காலியைத் திருப்பிவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். தொழில் செய்கிறவனுக்கு முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தாடிக்காரரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, கேள்வியை எழுதியே வாங்கிக்கொள். மெஷினுக்கு மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் முதலில் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்புறம் கோபப்படு, பதினெட்டாம் தேதி வரைக்கும் எனக்குத் தவணை கொடு. அம்மா, கோபத்துல சாப்பாட்டை விட்டுடப் போறா, அதையும் எழுதுங்க என்கிறாள், எழுதிவிட்டேன். அந்த அறையில் உன் முகத்துக்கு நேராக மூன்று முகமும் நன்றாகத் தெரியட்டும், உனக்குத் தெரிந்ததை எல்லாம் நீ சொல்லிவிட்டு வா, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உன் கூடவே இருக்கிறது. மறந்துவிடாதே, என் தாளில் அடியில் இடது ஓரத்தில் நீயும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் மீசை வைக்காத
உன் அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளில் எழுத நீ பேனா எடுக்கத் திரும்பினபோது பார்த்தேன், முடியை ஒட்ட வெட்டிவிட்டாய். மெஷினையும் பளிச்சென்று நீலத்தில் மாற்றியிருக்கிறாய். இடது பக்கம் அரை விரல் தூக்கல், பின்கழுத்துக் கோடு கோணல், எவன் வெட்டினான் என்று நான் சத்தமாகத்தான் கேட்டேன், நல்லவேளை உனக்கு என் நெற்றிதான் தெரிந்தது. சத்தமாகச் சொல்லாதது ஒன்று உண்டு. உன் காது ரொம்ப அழகாக இருக்கிறது, பாப்பா. பன்னிரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்று வெட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.